தேருக்குப் போன வெள்ளைச் சட்டை

ராஜபாளையம்,
ஆடி 20, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு, அப்பா தங்கப்பாண்டியன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே என் வலது மணிக்கட்டு ஒன்று நீங்கலாக நான், உன் அம்மா, உன் தங்கச்சி மூவரும் சுகம், அங்கே கவுகாத்தியில் நீ உச்சி முதல் உள்ளங்கால் வரை சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு மனசு ஆறும். இந்தக் கடிதத்தில் கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு இரண்டு நாள் முன்னால் குளியலறையில் வழுக்கி மாவுக்கட்டுப் போட்டதைத்தான் போனில் சொன்னேனே, அதனால் நான் சொல்லச் சொல்ல யோகேஸ்வரி எழுதுகிறாள், முடித்ததும் வாசித்துக் காட்டுவாள், நான் இடது கையால் கையெழுத்துப் போடுவேன். (எழுதிக்கொள்வது என்று அப்பா சொன்னார், என் நிலைமைக்கு எழுதிக் கொல்வது என்று போட்டிருக்க வேண்டும். அக்கா, இந்த மாதிரி அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், யோகேஸ்வரி. நான் இடையில் நுழைவது அப்பாவுக்குத் தெரியாது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்தெல்லாம் எறும்பு வரிசை, கண்ணாடி காலையிலிருந்து காணவில்லை என்று தேடுகிறார், அது எங்கே இருக்கிறது என்பது இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.)

வீட்டுச் செய்தி என்னவென்றால் உன் அம்மாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட், தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறதாம், ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் நான் துணி நெய்யுதேன் என் வீட்டு மனுசனுக்கு மாவுக்கட்டா என்று ஆஸ்பத்திரியிலேயே சத்தம் போட்டாள், டாக்டர் சிரித்துவிட்டார். நான் மெடிக்கல் லீவில் இருப்பதால் கூமாப்பட்டி வண்டியை வேறொரு டிரைவர் எடுக்கிறார், கிளட்சை மிதித்தே கொல்கிறார் என்று என் கண்டக்டர் ஆல்வின் தினமும் வந்து புலம்பிவிட்டுப் போகிறான். அதே ஆல்வின்தான் கூமாப்பட்டி பஸ் ஸ்டாப்பில் உனக்கு ஒரு பிளக்ஸ் வைத்திருக்கிறான், எங்கள் ஓட்டுநரின் மகள், எங்கள் கேப்டன் என்று கொட்டை எழுத்தில். உன் தலைக்குப் பின்னால் நாலு இன்ஜின் வைத்த பெரிய விமானம் ஒன்று, அதைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் நான் வண்டியை எடுப்பது வழக்கம். பானு எப்போது அந்தப் பெரிய விமானத்தை எடுக்கும் என்று டெப்போவில் கேட்காத ஆள் இல்லை, தீபாவளிக்குள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், என் பேச்சைக் காப்பாற்று. நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இன்னொன்று, போனில் எதற்கெடுத்தாலும் கேப்டன் சார் சொன்னார் கேப்டன் சார் சொன்னார் என்கிறாய், முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன் ஒருவன் இந்த வீட்டிலும் இருக்கிறான், அவனும் ரெண்டு வார்த்தை சொல்வான், கேட்டால். (பார்த்தாயா, அப்பாவுக்கு உன் கேப்டன் மேல் பொறாமை. எனக்கு ஒட்டுமொத்தமாக உன் மேலேயே பொறாமை. அந்தப் பிளக்ஸில் உன் விமானத்துக்கு நாலு இன்ஜின், உன் தோளில் நாலு பட்டை. நிஜத்தில் உன் விமானத்துக்கு ரெண்டு காற்றாடி, தோளில் ரெண்டு பட்டை. ஆல்வின் அண்ணன் உன்னை இரண்டால் பெருக்கிவிட்டார், என்னை இந்த வீட்டில் எல்லாரும் இரண்டால் வகுக்கிறார்கள். கணக்கில் நான் தொண்ணூற்றாறு எடுத்துக்கொண்டு வந்தபோது அப்பா சொன்ன முதல் வார்த்தை, பானு தொண்ணூற்றெட்டு. ஜன்னலோர மேஜையில் நான் டம்ளர் வைத்தால் அது அக்கா மேஜை, எடுடி என்கிறாள் அம்மா, நீ ஊரைவிட்டுப் போய் எத்தனை காலம் ஆகிறது, அது இன்னும் அக்கா மேஜையாம், வாசலில் பலகை எழுதி மியூசியம் ஆக்கிவிடலாம்.)

இனிச் சொல்வதை உன் அம்மாவிடம் சொல்லாதே. தேர் அன்றைக்கு நீ ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தாயாம். முதலில் உன் அத்தை முத்துப்பேச்சி போன் செய்து சொன்னாள், "ஏலே தங்கம், உன் மக தேருக்கு வந்திருக்கா, மாடியில நின்ன என்னையப் பாத்துக் கை ஆட்டுனா, அந்த உடுப்புல ராசாத்தி மாதிரி இருந்தா" என்று. அவளுக்குக் கண் மங்கல், யாரையோ பார்த்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் போன சனிக்கிழமை கூமாப்பட்டி சங்கரலிங்கம் வந்தார், என் வண்டியில் தேங்காய் மூட்டை ஏற்றும் தோப்புக்காரர், கை உடைந்ததைக் கேள்விப்பட்டு ஒரு குலை இளநீரோடு வந்தார். வந்தவர் உன்னை நேரில் பார்த்ததாகவும் அரை மணி நேரம் பேசியதாகவும் சொல்கிறார். நீ சொன்ன தைரியத்தில்தான் அவர் தோப்பை விற்று அவர் மகள் ஆனந்தவல்லியை உன் பைலட் படிப்பில் சேர்க்கப் போகிறாராம், ஆடியில் பத்திரம் பதியக் கூடாது என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்காகக் காத்திருக்கிறாராம். வீட்டுக்கு வந்து அப்பா கையைப் பார்த்தாளா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் வந்தாள், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் டூட்டிக்குப் போனாள் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நம் வீட்டுக்கும் என் வண்டியில் இருபத்தைந்து நிமிஷம். முத்துப்பேச்சி உன்னைப் பார்த்துவிட்டாள், கூமாப்பட்டி மோர்ப் பந்தலில் நின்றவன் எல்லாம் உன்னைப் பார்த்துவிட்டான், யாரோ ஒரு தோப்புக்காரருக்கு நின்று பதில் சொல்ல உனக்கு அரை மணி நேரம் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் இல்லை பானு. என் கூடப் பிறந்தவள் மேல் எனக்கு இந்த வயசில் பொறாமை வரும் என்று நான் நினைத்ததில்லை, அதைத்தான் சொல்கிறேன். போனில் கேட்க வாய் வரவில்லை, நேற்றுப் பேசும்போதுகூட சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டேன்.

அக்கா, இங்கே அப்பா நிறுத்திவிட்டார். கட்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆல்வின் அண்ணன் பைக்கில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், வந்து மீதியைச் சொல்கிறேன் ஏட்டி, பேனாவை மூடி வை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மூடவில்லை. இனி அடைப்புக்குறி கிடையாது, இனி நான் என்று வந்தால் யோகேஸ்வரி. மேலே உள்ள பத்தியை எழுதும்போது மூன்று இடத்தில் பேனா நின்றது, மை தீர்ந்துவிட்டதா என்று அப்பா கேட்டார், ஆமாம் என்று உதறினேன். நீ தேருக்கு வரவில்லை, அன்றைக்கு நீ கவுகாத்தியில் உன் அறையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போன் எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருந்தாய், அது எனக்குத் தெரியும். அத்தை பார்த்தது என்னை. மோர்ப் பந்தல் பார்த்தது என்னை. உன் பீரோவில் நீ பயிற்சிக்குப் போட்டுப் பழசானது என்று விட்டுப்போன வெள்ளைச் சட்டை, தொப்பி, தோளில் மாட்டும் பட்டை எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு நானும் என் வகுப்புப் பரிபூரணமும் பஸ் ஏறினோம். சும்மா அத்தையை ஏமாற்றத்தான், சத்தியமாக அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை அவள் வீட்டுக்குப் போகும்போதும் என் முகத்துக்கு நேராகவே பானு எப்படி இருக்கா, பானு எப்ப வருவா, பானு எம்புட்டு உசரத்துல பறப்பா என்று கேட்பாள், யோகா நீ எப்படி இருக்கே என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நான் அந்தச் சட்டையைத் தொட்டிருக்க மாட்டேன். கோயில் பக்கம் பரிபூரணத்தின் சித்தி வீட்டில் உடுப்பு மாற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்டு வெளியே வந்தேன். நம் இருவருக்கும் மூக்கும் முழியும் ஒரே அச்சு, நான் அரைச் சாண் குட்டை, அதைத் தொப்பி சரிக்கட்டிவிட்டது. ரத வீதியில் நின்று அத்தை வீட்டு மாடியைப் பார்த்துக் கை ஆட்டினேன், அத்தை பக்கத்து வீட்டுக்காரியை இழுத்து வந்து காட்டினாள். அதோடு திரும்பியிருக்கலாம்.

ஆனால் நாலு எட்டு வைத்தால் கூமாப்பட்டிக்காரர்கள் வைத்த நீர்மோர்ப் பந்தல். தினமும் பஸ் ஸ்டாப்பில் உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமானவர்கள், நம்ம டிரைவர் மக வந்துருக்குடோய் என்று ஒருவர் கத்தினார், வழி விட்டார்கள். அக்கா, எனக்கு யாராவது வழி விட்டு நீ பார்த்திருக்கிறாயா? வரிசையில் நின்றால் என்னை இடித்துக்கொண்டு போவார்கள். அன்றைக்குப் பெஞ்சு போட்டு உட்கார வைத்து, முதல் டம்ளர் மோர் எனக்கு, ஒரு துண்டைப் பொன்னாடை என்று போர்த்தினார்கள், கைக்குழந்தையைக் கொண்டுவந்து ஒரு அம்மா தலையில் கை வைக்கச் சொன்னாள். இந்தப் பரிபூரணம் வேறு, கேப்டனுக்கு நேரமாகுது கேப்டனுக்கு நேரமாகுது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. தேர் வந்தபோது வடத்தின் முன்பக்கம் எனக்கு இடம் விட்டார்கள், இழுத்தேன், தோளில் வடம் அழுந்தியது, கோவிந்தா கோவிந்தா என்று ஊரே சத்தம், அந்த நேரத்தில் நான் நிஜமாகவே நீதான் என்று நம்பிவிட்டேன். நீ இதைத் தினமும் அனுபவிக்கிறாய் என்று நினைத்தேன், வயிறு எரிந்தது. அப்போதுதான் சங்கரலிங்கம் வந்து பக்கத்தில் நின்றார். "தாயி, தப்பா நெனைக்காத, எம் மக ஆனந்தவல்லியும் இந்தப் படிப்புதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. நாந்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வாரேன். படிச்சு முடிச்சா வேலை கெடைக்குமா?" என்று கேட்டார். படித்து முடிக்குமுன்பே கம்பெனிக்காரன் வாசலில் வந்து நிற்பான் மாமா என்றேன். "பெரிய பிளேன் எம்புட்டு நாள்ல குடுப்பாவ?" ஆறு மாசம் என்றேன். "நல்ல நாளு பெரிய நாளுக்கு லீவு தருவாவளா?" என்றார். எனக்கு அதற்குப் பதில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, "இந்தா, நான் தேருக்கு வந்து நிக்கலையா?" என்றேன். அவர் என் தோளில் இருந்த பட்டையைப் பார்த்தார், தேரைப் பார்த்தார், கண் கலங்கிப் போய்க் கும்பிட்டார்.

ஒவ்வொரு பதிலையும் சொல்லும்போது உண்மை எனக்குத் தெரிந்தே இருந்தது, ஏனென்றால் அதை நீ என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய், அப்பா அம்மாவிடம் மூச்சு விடாதே என்று சத்தியமும் வாங்கியிருந்தாய். லைசென்ஸ் கையில் வாங்கிய பிறகு ஒன்றரை வருஷம் எந்தக் கம்பெனியும் கூப்பிடாமல் நீ சென்னையில் டியூஷன் எடுத்தது, அப்போது கம்பெனிப் பயிற்சி நடக்கிறது என்று வீட்டில் சொன்னது. சின்னக் கம்பெனி, சின்ன விமானம், எழுபத்திரண்டு சீட்டு, அதுவும் கிடைத்ததே என்று குதித்தது. சேர்ந்தபின் ஐந்து வருஷம் வேறெங்கும் போக மாட்டேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்தது. பறக்கிற கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சரி என்று எழுதுகிறவரை இன்னும் நீ பழகுகிற ஆள்தான் என்பது. ஒரு நாள் ஆறு தடவை ஏறி ஆறு தடவை இறங்கி, மறுநாளிலிருந்து ஐந்து நாள் ஸ்டாண்ட்பை என்று ஷூவைக்கூடக் கழற்றாமல் அறையில் உட்கார்ந்திருப்பது, யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் உனக்குப் போன் வரும் என்பது. தங்கியிருக்கிற வீட்டில் மூன்று பெண்களுக்கு ஒரு அடுப்பு. லீவுக்குப் பட்டியல் போட்டால் முன்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தபின் கடைசிப் பெயர் உன் பெயர், அதனால்தான் தேருக்கு வரவில்லை, தீபாவளிக்கும் வரமாட்டாய். கேப்டன் ஆவதற்கே ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மேகம் கலைந்தால்தானே மணி ஏறும், பெரிய விமானம் வரலாம், வராமலும் போகலாம் என்றாய். இவ்வளவையும் கேட்டபிறகும் எனக்குப் பொறாமை குறையவில்லை, அதுதான் வெட்கம். ஏனென்றால் இன்னொன்றும் சொன்னாயே, முதல் தடவை நீயே விமானத்தை இறக்கியபோது பின்னால் அறுபத்தெட்டுப் பேர் இருந்தார்கள், ஒருத்தரும் எதையும் கவனிக்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள், அதுதான் நல்ல இறக்கம் என்று கேப்டன் சொன்னார், நீ கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய் என்று. அந்த அழுகை மேல்கூட எனக்குப் பொறாமை அக்கா.

சனிக்கிழமை சங்கரலிங்கம் வந்தபோது நான் அடுக்களையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். தோப்பில் காய்க்கிற எழுபது தென்னையும் அவர் அப்பா கையால் வைத்ததாம், பாதியை மட்டும் விற்றால் போதாதாம், இருப்பதும் அது ஒன்றுதானாம். ஆமாம், வந்தாள், சாப்பிட்டாள் என்று அப்பா சொன்னதைக் கேட்டேன். குழம்பு நன்றாக இருந்தது என்று பானு சொன்னாள் என்று வேறு சேர்த்துச் சொன்னார். அவர் போனபின் அப்பா அந்த இளநீரைத் தொடவில்லை, குலை இன்னும் வராந்தாவில் அப்படியே கிடக்கிறது. ஊரில் யாரை ஏமாற்றினாலும் எனக்குச் சிரிப்பு வரும், உனக்கே தெரியும், உன் ஷூவுக்குள் தவளை விட்டவள் நான். இதில் வரவில்லை. இப்போது என் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. இந்தத் தாளைக் கிழித்துவிட்டு, மேலே அப்பா சொன்னதை மட்டும் நல்ல பிள்ளையாக நகல் எடுத்து வாசித்துக் காட்டலாம், நீ படித்துவிட்டு நான் வரவே இல்லையே என்று போன் செய்வாய், நான் திருட்டு முழி முழிப்பேன், அதற்குள் ஆவணி பிறந்து பத்திரம் முடிந்தாலும் முடிந்துவிடும். இல்லையென்றால் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கலாம். கொடுத்தால் என் குட்டு மட்டும் உடையாது, நீ மறைத்ததும் சேர்ந்து உடையும். வாசலில் ஆல்வின் அண்ணன் பைக் சத்தம் கேட்கிறது. அக்கா, மன்னித்துக்கொள், கண்ணாடி உன் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, எடுக்கப் போகிறேன்.

ஆடி 21, புதன். இதையும் யோகேஸ்வரிதான் எழுதுகிறேன், ஆனால் இப்போது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆகவே இது முழுக்க உண்மை. நேற்றுத் தாளைக் கையில் வாங்கி உதடு அசைய அசையப் படித்தார். அத்தை, மோர், வடம் எல்லாவற்றையும் தாண்டி ஸ்டாண்ட்பை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "ஸ்பேரா? இம்புட்டுத்தானா? ஏட்டி, இதுக்கா உங்கக்கா எங்கிட்ட மறைச்சா?" என்று கேட்டார். அவர் டெப்போவில் சேர்ந்த புதிதில் மூன்று வருஷம் ஸ்பேர் டிரைவராம், தினமும் காக்கிச் சட்டையோடு போய் யாராவது வராமல் போவார்களா என்று மரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம், கிடைத்தால் ஓட்டை வண்டி, மலையடிவார ட்ரிப், பொங்கலுக்கு டூட்டி, எல்லாம் மூப்புப் பட்டியல்படிதான். அம்மாவைக் கல்யாணம் பண்ணிய புதிதில் வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்ததை இதுவரை அம்மாவிடம் சொன்னதில்லையாம், இப்போது அம்மாவிடமும் சொல்லிவிட்டார். கழிவறையில் நீ அழுத வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். "எறங்கிப் போற ஆளு டிரைவரைத் திரும்பிப் பாக்கலன்னா வண்டி நல்லா ஓடியிருக்குன்னு அர்த்தம், அந்தக் கேப்டன் வெவரமான ஆளுதான்" என்றார். உன் கேப்டனுக்கு நம் வீட்டில் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. அப்பா திட்டவே இல்லை, அதுதான் பயம், காலை முதல் வண்டியில் கூமாப்பட்டி போறோம், நீயே உன் வாயால சொல்லு என்று மட்டும் சொன்னார். அம்மா ஷிப்ட் முடிந்து வந்து விஷயம் கேட்டுச் சட்டையைக் கல்லில் வைத்து அடித்து அடித்துத் துவைத்தாள், என்னை அடிக்க வேண்டியதையும் சேர்த்து அந்தச் சட்டை வாங்கிக்கொண்டது.

இன்று காலை போனோம், ஆல்வின் அண்ணனும் கூட வந்தார். பஸ் ஸ்டாப்பில் உன் பிளக்ஸைப் பார்த்ததும் அப்பா ஆல்வின் அண்ணனிடம், அந்தக் கேப்டனை அழித்து ஓட்டுநர் என்று போடு, பின்னால் இருக்கிற வண்டியையும் மாற்று, இவளோடதுக்குக் காற்றாடி உண்டு என்றார். தோப்பில் சங்கரலிங்கம், அவர் மகள் இரண்டு பேரும் இருந்தார்கள். பள்ளிக்கூட உடுப்பில் என்னைப் பார்த்ததும் அவருக்கு முதலில் புரியவில்லை, நான் தேர் அன்றைக்குச் சொன்ன ஒவ்வொரு பதிலையும் திரும்பச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நிஜம் என்ன என்று சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. அவர் கத்தவில்லை. இளநீர் வெட்டி அப்பாவுக்குக் கொடுத்தார், ஆல்வின் அண்ணனுக்குக் கொடுத்தார், என்னைப் பார்த்து, "கேப்டன் அம்மாவுக்கு வேண்டாம், ஆகாயத்துல சளி பிடிச்சுக்கிடும்" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, அப்ப வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்னு சொன்னீகளே?" என்று கேட்டார். அப்பா மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு, "அது நானும் ஒரு பிளக்ஸ் வச்சேன்" என்றார். அதற்குத்தான் சங்கரலிங்கம் சிரித்தார், சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தவல்லி என்னிடம் வந்து, "நீ பொய்யி, சரி. அந்தச் சட்டை நெசந்தானே? அதைப் போடுத அக்கா நெசந்தானே? உக்காந்து காத்துக் கெடக்கணும்னா நான் கெடப்பேன், ஆனா அவிய எழுதட்டும், எம்புட்டு நாளு, எதுக்காகன்னு" என்றாள். சங்கரலிங்கமும் அதையே பிடித்துக்கொண்டார், அந்தப் பிள்ளை கைப்பட எழுதினதைப் படிச்சுட்டுப் பொறவு பத்திரத்தைப் பத்திப் பேசுவோம், அதுவரைக்கும் தோப்பு தோப்பாவே இருக்கட்டும் என்றார். திரும்பி வரும்போது எனக்குப் புதிதாக ஒரு பொறாமை, அந்த ஆனந்தவல்லி மேல். நீ இதுவரை எனக்கு என்று ஒரு கடிதம் எழுதியதில்லை, அவளை நீ பார்த்ததுகூட இல்லை, அவளுக்கு உன் கையெழுத்தில் நாலு பக்கம் வரப்போகிறது. எழுதும்போது எனக்கும் ஒரு அரைப் பக்கம் ஒதுக்கு, திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

இனி அப்பா சொல்வது. பானு, நீ தேருக்கு வரவில்லை என்று தெரிந்ததில் எனக்கு உண்டான சந்தோஷம், நீ வந்திருந்தால்கூட வந்திருக்காது. நேற்று மத்தியானம் அந்த இளநீரை நானே ஒற்றைக் கையால் பிடித்துக் குடித்தேன். பெரிய விமானம் தீபாவளிக்குள் என்று நான் டெப்போவில் சொன்னதை நானே போய்ச் சரிசெய்துகொள்கிறேன், நீ அதைச் சுமக்காதே. போன் வராத நாட்களில் வெறுமனே உட்கார்ந்து மனசைக் கெடுத்துக்கொள்ளாமல் எனக்குப் போன் செய், ஸ்பேரில் இருக்கிறவன் பேச்சு ஸ்பேரில் இருந்தவனுக்குத்தான் புரியும். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, ஆவணி பிறக்குமுன் கூமாப்பட்டிக்கு உன் கடிதம் வந்து சேர வேண்டும். நல்லதையும் எழுது, கெட்டதையும் எழுது, அந்தப் பிள்ளையை வா என்றும் சொல்லாதே, வராதே என்றும் சொல்லாதே, எழுபது தென்னை அந்தத் தாளை எதிர்பார்த்து நிற்கிறது. பார்சலில் பால்கோவா இருக்கிறது, மூன்று பெண்களுக்கும் பங்கு வைத்துக் கொடு, உன் சட்டையும் இருக்கிறது. உன் அம்மா எத்தனை அடித்தும் வலது தோளில் ஒரு கறை போகவில்லை, அது தேர் வடம் அழுந்திய இடம். அதைப் போக்க மெனக்கெடாதே. நீ வரமுடியாத தேரை அது இழுத்துவிட்டு உன்னிடம் வருகிறது. நீ ஏற்றுவதெல்லாம் பதனமாக இறங்கட்டும், எண்ணியது ஒவ்வொன்றும் அதனதன் வரிசையில் உனக்கு வரட்டும்.

இப்படிக்கு, இடது கையால்,
உன் அப்பா தங்கப்பாண்டியன்,
மூன்று வருஷம் ஸ்பேர் டிரைவர்.